மாம்பழக் கலரில் ரெண்டாம் தாரம்

ஜெகதீஸ்வரன் நெய்துகொண்டிருந்த வால் ஹேங்கிங்குக்கு இடுப்பு வந்துவிட்டது.

கீழே ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். நாலு விரல் உயரம் வந்ததும் இரண்டு ஓரமும் மெல்ல உள்ளே வாங்கின. கவனமாக இழுத்துப் பிடித்து நெய்தார். இன்னும் வாங்கின. அவருக்குக் கவனம் கூடக் கூட அதற்கு இடுப்பு சிறுத்துக்கொண்டே போனது.

ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சாந்தா, தலைவாரும் சீப்போடு வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏங்க, இது செவுத்துல மாட்டுறதா, ஒடம்புல மாட்டுறதா?"

"ஒன் வாய்ல மாட்டியிருந்தா இந்த வம்பே வந்திருக்காது" என்றார் ஜெகதீஸ்வரன். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

வம்பு சாந்தாவின் வாயில்தான் பிறந்தது. அவர்களுடைய ஒரே மகள் நித்யஸ்ரீயும், அவளோடு வேலை பார்க்கும் அபிநவும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். செகந்திராபாத் திருமுல்கேரியில் இருக்கும் இவர்களுக்குச் சம்மதம். சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் பையனின் அப்பா தேவராஜ்தான் பிடி கொடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார், சரி என்றும் சொல்ல மாட்டார். "பொண்ணு தங்கந்தான் சார், பாப்போம்" என்பார். அந்தப் 'பாப்போம்' வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிடவும் இல்லை, உங்கள் வீட்டுக்கு வருகிறோம் என்று கிளம்பவும் இல்லை. நித்யஸ்ரீ சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, கேட்டால் டயட் என்றாள். அது டயட் இல்லை என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

ஒரு வழியாக வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசச் சம்மதித்தார்கள். அதில்தான் பையனின் அம்மா செண்பகம், சாந்தாவின் தலைக்குப் பின்னால் சுவரில் தொங்கிய வால் ஹேங்கிங்கைப் பார்த்துவிட்டார்.

"அது நல்லா இருக்கே, எங்க வாங்குனீக?"

கண்காட்சியில் வாங்கினோம் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிருக்கலாம். பெண்ணைப் பெற்றவளுக்கு அப்படிச் சொல்ல வாய் வருமா? தட்டில் வைக்கும் பஜ்ஜியிலிருந்து வாசல் கோலம் வரைக்கும் எல்லாமே எங்கள் பெண் கைப்பட்டது என்று சொல்லிக் கல்யாணம் முடித்த பரம்பரை.

"வாங்கல சம்பந்தியம்மா. நம்ம நித்யாவே கையால நெய்ஞ்சது."

செண்பகத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப எங்களுக்கும் ஒண்ணு பண்ணித் தரச் சொல்லுங்க. எங்க ஹால்ல மாட்டணும். மாம்பழக் கலர்ல இருக்கட்டும். பண்ணப் பண்ண போட்டோ அனுப்பச் சொல்லுங்க, பாக்க ஆசையா இருக்கு."

கடையில் ஒன்றை வாங்கிச் சமாளிக்க இருந்த வழியை அந்தப் போட்டோ அடைத்துவிட்டது.

"பொய் சொன்னது மம்மி. நான் கைக்கு நெய்யணும்? நக்கோ" என்று நித்யஸ்ரீ லேப்டாப்பைத் திறந்துகொண்டாள். அந்த வீட்டில் 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', எல்லாம் ஹைதராபாத் உருதுதான். சாந்தாவுக்கு பேகம்பேட்டில் ஆபீஸ், போதாததற்கு மணிக்கட்டு வலி. தாயும் மகளும் ஒரே நேரத்தில் ஜெகதீஸ்வரன் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க சும்மாதானே இருக்கீங்க?"

விருப்ப ஓய்வு வாங்கிய ஆண்பிள்ளை வீட்டில் என்ன செய்தாலும் அதற்குப் பெயர் சும்மா இருப்பதுதான். மார்க்கெட்டுக்குப் போவது, கரண்ட் பில் கட்டுவது, கேஸ்காரனுக்காகக் காத்திருப்பது எல்லாம் சும்மா கணக்கில் சேர்த்தி. நெசவும் சேர்ந்தது.

பேகம்பேட்டில், சாந்தாவின் ஆபீசுக்குப் பின் தெருவில், பிந்து என்கிற தெலுங்குப் பெண் சனிக்கிழமைகளில் வால் ஹேங்கிங் நெய்யக் கற்றுக்கொடுத்தாள். போனால் அங்கே எல்லாரும் நித்யஸ்ரீ வயதுப் பெண்கள். நடுவில் ஜெகதீஸ்வரன் மட்டும் இரட்டைக் கண்ணாடியோடு உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அதைச் சாக்காக வைத்து எழுந்து வந்திருப்பார்.

மேலும் கீழும் ஆணி அடித்த மரச்சட்டத்தை பிந்து கொடுத்தாள். முதலில் வெள்ளைப் பருத்தி நூலை ஆணிக்கு ஆணி மேலும் கீழுமாக இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு கலர்க் கம்பளி நூலைப் பெரிய ஊசியில் கோத்து, வெள்ளை நூலில் ஒன்று விட்டு ஒன்றாகக் குறுக்கே நுழைத்து, சீப்பால் தட்டி இறக்க வேண்டும். வெள்ளை நூலை அவள் முதல் தாரம் என்றாள். கம்பளி நூலை இரண்டாவது தாரம் என்றாள்.

ஜெகதீஸ்வரனுக்கு அது வசதியாகவே இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத்தில் வந்து இறங்கிய குடும்பம். பேசுவது தமிழ்தான், ஆனால் நூலுக்குத் தெலுங்குக்காரர்கள் சொல்கிற மாதிரி தாரம் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். பொத்தான் தைக்கவும் தாரம், பூக் கட்டவும் தாரம். சாந்தாவும் இதே திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்தவள், அவளுக்கும் தாரம்தான். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறதே என்று யோசிக்க அவர்களுக்குத் தேவை வந்ததில்லை.

முதல் போட்டோவை ஜெகதீஸ்வரன் தானே எடுத்து அனுப்பினார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாட்ஸ்அப்பில் சாந்தா அவசரமாகத் தொடங்கிவைத்த 'நித்யா-அபி குடும்பம்' குரூப்பில் அது போனது. சட்டம், நூல், ஊசி எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. ஊசியைப் பிடித்திருந்த கையும் தெளிவாக விழுந்திருந்தது.

"பாப்பா கையில ரோமம் நெறைய இருக்கே, தைராய்டு பாத்தீகளா?" என்று செண்பகம் கேட்டிருந்தார்.

அதிலிருந்து போட்டோவுக்கு மட்டும் நித்யஸ்ரீ கையைக் கொடுத்தாள். ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவில் வந்து, ஊசியைத் தொட்டுக்கொண்டு, போட்டோ எடுத்ததும் போய்விடுவாள். தப்புத் தப்பாக நெய்து, பிரித்து, மறுபடி நெய்து, முதுகு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அப்பா. "பாப்பாவுக்கு என்ன பொறுமை" என்று அங்கிருந்து கைகூப்புகிற பொம்மை வரும்.

இன்றைக்கு இடுப்பு வந்தது அந்தச் சட்டத்தில்தான். சாந்தா கிளம்பிப் போனதும், நித்யஸ்ரீயின் கையை வைத்து அன்றைய போட்டோவை குரூப்பில் போட்டுவிட்டு, அவளும் ஆபீசுக்குப் போன பிறகு, அந்த இடுப்பை எப்படியாவது அகலப்படுத்திவிட வேண்டும் என்று ஜெகதீஸ்வரன் உட்கார்ந்தார். இரண்டு ஓரத்தையும் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்தார். ஓரத்து வெள்ளை நூல் பட்டென்று அறுந்தது.

பிந்துவுக்குச் செய்தி அனுப்பினார். முதல் தாரம் அறுந்துவிட்டது, மாம்பழக் கலரும் தீரப் போகிறது, என்ன செய்வது? அவள் குரலிலேயே பதில் அனுப்பினாள்.

"சார், மொதடி தாரம் தெகிபோயிந்தன்னாரு கதா, டென்ஷன் வத்து. ரெண்டோ தாரம் ரெடிகா உந்தி. சாயந்த்ரம் வச்சி தீஸ்கெள்ளண்டி. மொதடி தான்னி மரீ டைட்டுகா பட்டுகோவத்து சார், கொஞ்செம் வதிலெய்யண்டி."

முதல் நூல் அறுந்ததற்கு டென்ஷன் வேண்டாம். இரண்டாவது நூல் தயார், சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். முதலாவதை ரொம்ப இறுக்கிப் பிடிக்காமல் கொஞ்சம் விட்டுவிட வேண்டும். அவள் சொன்னது இவ்வளவுதான்.

பேகம்பேட்டிலேயே இருக்கும் சாந்தா திரும்பும்போது வாங்கி வரட்டுமே என்று, அதை அப்படியே சாந்தாவுக்கு அனுப்பப் போனார். கண்ணாடி நெற்றிமேல் இருந்தது. கொஞ்ச நேரம் முன்பு போட்டோ போட்ட குரூப்தான் மேலாக நின்றது. விரல் அதன்மேல் பட்டது.

கண்ணாடியை இறக்கிப் பார்த்தபோது அந்தக் குரல் சின்னமனூருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

போச்சு. நெய்கிறவர் 'சார்' என்று இந்தப் பெண்ணே சொல்லிக் கொடுத்துவிட்டாளே. அவசரமாக அழிக்கப் போனார். 'எல்லோருக்கும் அழி', 'எனக்கு மட்டும் அழி' என்று இரண்டு கேட்டது. பதற்றத்தில் இரண்டாவதை அமுக்கினார். அவருடைய போனிலிருந்து சுத்தமாக மறைந்தது. அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் அது அவருக்கு மட்டும்தான் மறைந்தது என்று புரிந்தது.

அதையும் சரிசெய்ய நினைத்து, "மேலே உள்ள வாய்ஸ் தவறுதலாக வந்துவிட்டது. எங்கள் வீட்டு விஷயம். தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்" என்று எழுதிப் போட்டார். கேட்காமல் விட்டிருந்தவர்களும் அதற்குப் பிறகு கேட்டார்கள்.

சாதம் வடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சம்பந்தி, தேவராஜ் பேசுறேன். தனியா இருக்கீகளா?"

அந்த மனுஷன் இதுவரைக்கும் சம்பந்தி என்று கூப்பிட்டதே இல்லை, சார்தான். கிண்டல் செய்கிறார் என்று ஜெகதீஸ்வரனுக்குத் தோன்றியது. அடுப்பை அணைத்தார்.

"தனியாத்தான் இருக்கேன்."

"அந்த வாய்ஸைக் கேட்டோம். ரெண்டாம் தாரம்னு அந்தப் புள்ள சொல்லுதே, நெசமா?"

ஜெகதீஸ்வரனுக்குச் சட்டென்று அலுத்துவிட்டது. போட்டோவுக்கு ஒரு கை, நெய்வதற்கு ஒரு கை என்று எத்தனை நாள்தான் நடத்துவது. தெரிந்தது தெரிந்ததாகவே இருக்கட்டும் என்று தோன்றியது.

"ஹவ்" என்றார். பிறகு, "ஆமாங்க" என்றார்.

"வீட்ல அவுகளுக்குத் தெரியுமா?"

"ஆரம்பிச்சு வெச்சதே அவதாங்க. சும்மாதானே இருக்கீங்க, போங்கன்னு தள்ளிவிட்டா."

மறுமுனையில் தேவராஜ் யாரிடமோ கதவைச் சாத்தச் சொல்வது கேட்டது.

"பாப்பாவுக்கு?"

"நித்யாவுக்கா? சனிக்கிழமையானா அவதான் ஸ்கூட்டியில கொண்டுபோய் விடுறா. முடிஞ்சதும் வந்து கூட்டிட்டும் போவா."

"அந்தப் புள்ள எப்பிடி?"

"பிந்துவா? சின்னப் பொண்ணு, ரொம்பப் பொறுமை. இந்த வயசுல எனக்கு ஒண்ணும் சரியா வரமாட்டேங்குது. ஆனா கோச்சுக்கவே மாட்டா. பரவால்ல சார், மொதல்லேர்ந்து பண்ணுங்கம்பா."

ஜெகதீஸ்வரன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"சம்பந்தியம்மாவுக்கு மட்டும் இது தெரிய வேணாங்க. என்ன நெனச்சுக்குவாங்களோ" என்றார் ஜெகதீஸ்வரன்.

"அவதான் மொதல்ல கேட்டா. கேட்டுட்டு போனை என் கையில குடுத்தா." தேவராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஒங்க குடும்பத்துக்குப் பெரிய மனசுங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

ஜெகதீஸ்வரனுக்கு மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பொய் வெளியே வந்துவிட்டது, அவர்களும் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்கள். பல வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மதியம் நிம்மதியாகத் தூங்கினார்.

நித்யஸ்ரீ வந்து எழுப்பினாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"டாடி, என்ன சொன்னீங்க அபி அப்பாகிட்ட?"

"உண்மையச் சொன்னேன்மா. ஒண்ணும் கோச்சுக்கல."

"உங்களுக்கு செகண்ட் வைஃப் இருக்குன்னு சொன்னீங்களாம்."

"எனக்கா?"

"தாரம்னா அவங்க ஊர்ல வைஃப், டாடி. ரெண்டாம் தாரம் ரெடின்னு வாய்ஸ் போயிருக்கு. தெலுங்குல மத்தது புரியாட்டியும் அது மட்டும் அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. நிஜமான்னு கேட்டதுக்கு நீங்க ஹவ்ன்னிருக்கீங்க."

அந்தச் சொல்லை சீரியலில் அவரும் கேட்டிருக்கிறார். நூலோடு சேர்த்து யோசித்துப் பார்த்ததில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே தான் பேசியதை ஒவ்வொரு வாக்கியமாக மனசில் ஓட்டிப் பார்த்தார்.

"நீதான் ஸ்கூட்டியில கொண்டுபோய் விடுறன்னு சொன்னேன்" என்றார் மெதுவாக.

"வந்து பிக்கப் பண்றதும்?"

"ஹவ்."

நித்யஸ்ரீ தலையில் கைவைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "அபி இத மட்டும் சொல்லிட்டு, அதுக்கு மேல போன்ல பேசவே மாட்டேங்குறான். கேட்டா அப்பா பேசுவாருங்குறான். இது நின்னுபோச்சுன்னா நான் வேற யாரையும் பண்ணிக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

மாம்பழக் கலர்க் கம்பளிப் பந்தோடு சாந்தா வீட்டுக்குள் வந்தபோது, ஜெகதீஸ்வரன் போனை எடுத்து தேவராஜின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவள் பையைக் கீழே வைத்துவிட்டு போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்னன்னு சொல்லப்போறீங்க?"

"தாரம்னா நூல், நான் நெய்யக் கத்துக்குறேன்னு."

"ஆம்பளை கைக்கு கத்துக்குறீங்கன்னு கேப்பாங்க. அப்புறம் அந்தக் கை யாரு கைம்பாங்க. கடைசியில நான் புளுகுனது வெளிய வரும்."

"எனக்கு ரெண்டு பொண்டாட்டின்னு நெனச்சிட்டிருக்காங்க சாந்தா."

"அது நீங்க சொன்னது. இது நான் சொன்னது" என்றாள் சாந்தா. "பொய்க்காரி வீட்ல பொண்ணு எடுக்க மாட்டாங்க. ரெண்டு கட்டுனவன் வீட்ல எடுத்தாலும் எடுப்பாங்க."

ஜெகதீஸ்வரன் அவளையே பார்த்தார். இவளுக்காகவா முதுகு ஒடிய நெய்தோம் என்று இருந்தது.

கடைசியில் நித்யஸ்ரீ ஒரு வழி சொன்னாள். வகுப்புக்குப் போவது அவள்தான், அப்பா நூல் மட்டும்தான் வாங்கி வருவார், தெலுங்கில் தாரம் என்றால் நூல். பாதி உண்மை, அம்மாவின் மானமும் தப்பும். அப்படியே தேவராஜுக்கு எழுதி அனுப்பினாள். பதில் குரலாக வந்தது. மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

"பாப்பா, அப்பாவ விட்டுக்குடுக்காமப் பேசுற பாரு, அதுலயே ஒங்கொணம் தெரியுது. எங்ககிட்ட மறைக்க வேணாந்தா. வர்ற ஞாயித்துக்கெழம நாங்க எல்லாரும் பொறப்பட்டு வாரோம். ஒங்க வீட்லயும் ஒருத்தர் விடாம எல்லாரும் இருக்கணும். நேர்ல பேசி முடிச்சிருவோம்."

"முடிச்சிருவோம்னா?" என்றாள் நித்யஸ்ரீ.

"சம்பந்தம் முடிக்கிறதுன்னு சொல்வாங்கல்ல, அந்த முடிக்கிறது" என்றாள் சாந்தா. அவள் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

"இதோட முடிச்சுக்குவோம்னும் சொல்வாங்க" என்றார் ஜெகதீஸ்வரன்.

மறுபடி ஒருமுறை போட்டுக் கேட்டார்கள். எந்த முடிப்பது என்று பிடிபடவில்லை. நித்யஸ்ரீ எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகிறாள் என்பது இருவருக்கும் தெரிந்தது. சாந்தா நெடுநேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடுங்க" என்றாள் பிறகு. "எல்லாத்தையும் சொல்லிடுங்க. நான் கிச்சன்லயே இருந்துக்குறேன்."

அந்த வாரம் முழுக்க ஜெகதீஸ்வரன் நெய்தார். சாட்சிக்குக் காட்ட முழுதாக ஒன்று கையில் இருக்க வேண்டும். அறுந்த நூலை முடிச்சுப் போட்டார். குறுக்கு நூலை நேராக இழுத்தால் ஓரம் உள்ளே வாங்கும், வில் மாதிரி வளைத்துத் தொளதொளவென்று விட்டுவிட்டு அப்புறம் தட்ட வேண்டும் என்று பிந்து வீடியோவில் காட்டினாள். அதற்குப் பிறகு ஓரம் நேராக வந்தது. பழைய இடுப்பு மட்டும் அப்படியே நின்றது. அதைப் பிரிக்க நேரமும் இல்லை, மனசும் இல்லை. நல்லதோ பொல்லாததோ, தான் கையால் செய்த ஒன்று என்று அதன்மேல் அவருக்குக் கொஞ்சம் பாசம்கூட வந்திருந்தது. பிந்துவையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியே வந்து இது நூல் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேச முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னமனூர்க்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். தேவராஜ் வெள்ளைச் சட்டை வேட்டியில் வந்தார், செண்பகம் பட்டுப்புடவையில் வந்தார். அபிநவ் எல்லோருக்கும் பின்னால் வந்தான், யார் முகத்தையும் பார்க்கவில்லை. கூடவே சுங்குடிப் புடவை கட்டிய ஓர் அம்மாள், வாழைப்பழத் தட்டை ஏந்திக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றார். செண்பகம் திரும்பி, "உள்ள வா" என்ற பிறகுதான் காலை எடுத்து வைத்தார். அத்தை முறையாக இருக்கும் என்று ஜெகதீஸ்வரன் நினைத்துக்கொண்டார். அந்த அம்மாள் சோபாவின் ஓரத்தில் பாதி இடத்தில் உட்கார்ந்தார்.

தேவராஜ் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். "எல்லாரும் இருக்காகளா?"

"இன்னும் ஒருத்தர் வரணுங்க."

"பேகம்பேட்லருந்துதான? வரட்டும், வரட்டும். அவசரமில்ல." குரலில் கோபமே இல்லை. அதுதான் ஜெகதீஸ்வரனுக்குப் பிடிபடவில்லை.

ஆட்டோவில் வந்து இறங்கிய பிந்து, தோளில் நூல் பையோடு உள்ளே நுழைந்தாள். செண்பகம் எழுந்து போய் அவள் நெற்றியில் குங்குமம் வைத்து, கையில் இரண்டு பழத்தைக் கொடுத்தார். ஓரத்தில் இருந்த அம்மாள் இன்னும் நகர்ந்து இடம் விட்டு, "இப்பிடி ஒக்காருத்தா, பயப்படாத" என்று அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டார்.

"ஏமைந்தி சார்?" என்றாள் பிந்து. என்ன நடக்கிறது என்று அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இனிமேல் தாங்காது என்று ஜெகதீஸ்வரன் எழுந்தார். அறைக்குள்ளிருந்து சட்டத்தைக் கொண்டுவந்து டீப்பாய் மேல் வைத்தார். கம்பளிப் பந்தைக் கையில் எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

"இதுதாங்க ரெண்டாவது தாரம்."

சட்டத்தில் இருந்த வெள்ளை நூலைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த வெள்ளையா இருக்கே, இது மொதல் தாரம். எங்க ஊர்ல நூலத்தான் தாரம்பாங்க. மொதல் நூல் அறுந்துபோச்சு, ரெண்டாவது நூல் ரெடியா இருக்கு, வந்து வாங்கிக்குங்கன்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சு. இது எனக்கு நெய்யச் சொல்லித் தர்ற டீச்சருங்க. வேற ஒண்ணும் கெடையாது."

நம்புகிறார்களா என்று தெரியவில்லை. கீழே உட்கார்ந்து, ஊசியில் நூலைக் கோத்து, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் குறுக்கே நுழைக்க ஆரம்பித்தார். பிந்து பழக்க தோஷத்தில் சோபாவிலிருந்தே, "லூஸ் சார், லூஸ்" என்றாள். அவர் லூசாக விட்டு, சீப்பால் தட்டி இறக்கினார்.

"போட்டோவுல மட்டுந்தான் நித்யா கை. மத்ததெல்லாம் என் கை" என்றார்.

சமையலறைக்குள்ளிருந்து சாந்தாவின் குரல் வந்தது. "நான்தாங்க பொய் சொன்னேன். அவரு மேல தப்பு இல்ல."

தேவராஜ் குனிந்து கம்பளிப் பந்தை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப போன்ல நீங்க ஆமான்னது?"

"இதத்தான் கண்டுபிடிச்சுட்டீங்கன்னு நெனச்சு ஆமான்னேன்."

"ரெண்டாவதுன்னு யாருமே இல்லியா?"

"சத்தியமா இல்லீங்க. எனக்கு ஒரே சம்சாரந்தான். அந்த ஒண்ணுக்கே என்னால பதில் சொல்லி முடியல."

இப்போது சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. தேவராஜின் தோள் தொங்கிப்போனது. பந்தை மெல்ல டீப்பாய் மேல் வைத்தார். செண்பகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நித்யஸ்ரீ அபிநவைப் பார்த்தாள், அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தான் யோக்கியன் என்று நிரூபித்ததற்கு இந்த வீட்டில் ஏன் இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஜெகதீஸ்வரனுக்குப் புரியவில்லை.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பிந்துவின் கையை விட்டார். எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, செண்பகத்தின் பக்கம் குனிந்து கேட்டார்.

"அப்ப நான் போயி கார்லயே இருக்கட்டுமாக்கா? இந்த வீட்லயும் என்னைய மாதிரி ஒரு ரெண்டாம் தாரம் இருக்குன்னுதான, இத்தன வருசத்துல மொதத் தடவையா என்னையும் ஒரு ஆளாக் கூட்டியாந்தீக."